போத்தலில் கறுத்த இதரை

எண்பத்தொன்றாம் ஆண்டில் திருகோணமலையில், சீனன்குடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்றுக் கம்பனி இருந்தது. மண்ணே இல்லாமல் போத்தலுக்குள் கன்று வளர்க்கிற கம்பனி. கிண்ணியா ஸுல்பிகா அங்கே போத்தல் கழுவப் போய் மூன்று வருஷம். அதற்கு முன் றோட்டுக்குக் கல் உடைத்தவள். குனிந்தே நாள் போனதில் இடுப்பு எப்போதோ செத்துவிட்டது.

போத்தலுக்குள் ஊற்றுவது கடற்பாசிக் கூழ். நோன்புக்கு வீட்டில் காய்ச்சுகிற அதே கடற்பாசிதான். அதில் சீனி, உப்பு வகைகள், கடைசியாக இரண்டு வளர்ச்சி ஓமோன்கள். ஒன்று கூடினால் ஒரு குருத்து பத்தாகப் பிரியும், மற்றது கூடினால் வேர் ஓடும். ஊசிமுனையளவு மருந்துக்கு ஒரு தோட்டத்தையே கிளப்புகிற பலம் இருப்பது ஸுல்பிகாவுக்குப் பிடித்திருந்தது.

ஆராய்ச்சி அதிகாரி சோமசேகரம் அதுவரை ஓர்கிட் பூவோடுதான் மல்லுக்கட்டியவர். வாழையில் கைவைத்தது அந்த மாசிதான் முதல் தடவை. இதரை வாழையின் பக்கக் குட்டிகளில் நடுக்குருத்தை நகமளவாக வெட்டி முந்நூறு போத்தல்களில் வைத்தார். திங்கள் பின்னேரம் வைத்தது, செவ்வாய் காலை பார்த்தால் முந்நூறும் கரி பிடித்த மாதிரிக் கறுத்திருந்தன.

பத்து மணிக்கு ஸுல்பிகாவைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதமும் மைப்பெட்டியும் இருந்தன.

"பெருவிரலை வையும்," என்றார்.

"என்ன எழுதியிரிக்கி சேர்?"

"போத்தல் ஒழுங்காக் கழுவுப்படேல்லை எண்டு. கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு நான் ஒரு காரணம் சொல்ல வேணும்."

அவள் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வேலைக்கு வந்த பிறகு, நாற்பது வயதில், கிண்ணியா முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவள் என்பது கம்பனிக்குத் தெரியாது. சேர்ந்த அன்று வைத்த கைநாட்டுத்தான் பதிவில் இருந்தது. விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்தாள். அவளுடைய அசட்டையால் கன்றுகள் அழிந்தன, அதனால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். இந்தக் கடிதம் வெளியே போனால் திருகோணமலையில் வேறு எந்த வாசலும் அவளுக்குத் திறக்காது.

"ஏலா சேர்," என்றாள். "நான் கழுவினனான்."

"கழுவினா ஏன் கறுத்தது?"

"போத்தல் ஊத்தையெண்டா மூணு நாளைக்குப் பொறகு பூஞ்சணம் பிடிக்கும், பஞ்சு பஞ்சா. ஓர்கிட்டுல நீங்களே காட்டினீங்க. இது ஒரு ராவுல கறுத்திரிக்கி. பஞ்சு எங்க?"

சோமசேகரம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"வாழப்பொத்திப் பூவ வெட்டினா என்ன செய்வாங்கண்டு உங்கட பொஞ்சாதிக்கிட்டக் கேளுங்க. தேசிக்காய்ப் புளித் தண்ணிக்குள்ள போடாட்டிக் கறி தார் மாதிரி வரும். குசினிக்குள்ள போகாத ஆள் வாழைய வெட்டினா இப்பிடித்தான்."

வாசலில் நின்ற சின்னராசா, போத்தல்களை நீராவியில் அவிக்கிற தொழிலாளி, சிரிப்பை அடக்க இருமினார். "சேர், ஒருக்கா வெட்டிப் பாத்தாத்தான் என்ன? நட்டம் ஒரு குட்டிதானே."

வெட்டினார்கள். சோமசேகரம் தன் கையாலேயே கோப்பை கழுவி, தன் கையாலேயே கத்தியை நெருப்பில் காட்டி, குருத்தை இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி வெறும் கோப்பையில், மற்றது புளித் தண்ணியில். ஸுல்பிகா அவர் சொல்லாமலே கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, வெறும் கோப்பையில் இருந்தது மண்ணிறமாகிக் கறுக்கத் தொடங்கியது. புளித் தண்ணியில் கிடந்தது தந்தம் மாதிரி வெள்ளை.

"நொதியம்," என்றார் சோமசேகரம், தனக்குள் பேசுவதுபோல. "வெட்டின இடத்தில காத்துப் பட்டவுடன சாறைக் கறுப்பாக்கிறது வாழைக்குள்ளேயே இருக்கிற நொதியம். புளி அதை மறிக்குது. ஆனாக் கூழில புளி கூடினா ஓமோன் சரியா வேலை செய்யாது. அளந்துதான் போட வேணும்."

"அளவு உங்கட வேலை," என்றாள் ஸுல்பிகா.

அவர் கடிதத்தை எடுத்து, வேலை நீக்கம் என்ற வரியை மட்டும் பேனாவால் வெட்டினார். "வேலை இருக்கட்டும். மற்றதுக்கு விரலை வையும். நான் கறுக்க விட்டனான் எண்டு கொழும்புக்கு எழுத ஏலாது."

வேலை கைக்குள் வந்துவிட்டது. சின்னராசா கண்ணால் காட்டினார், வைத்துவிட்டுப் போ என்று. அவள் மைப்பெட்டியை மூடினாள். அவருடைய பேனாவை எடுத்துக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் கிழியப் பார்த்தது. 'வாழைக்குள் இருந்த நொதியம் கறுப்பாக்கியது. வெட்டினது சேர். போத்தல் சுத்தம். கழுவினது நான்.' கீழே முழுப்பேர்.

சோமசேகரம் வாசித்தார். காது மடல் சிவந்தது.

"நாளைக்கு வர வேண்டாம்."

"நாளைக்குப் புதன்கிழம," என்றாள் அவள். "முந்நூறு போத்தல் கழுவக் கிடக்கு. வருவன்."

மறுநாள் முதல் வள்ளத்தில் கிண்ணியாத் துறையைக் கடந்தாள். கம்பனி வாசலில் யாரும் அவளை வா என்று சொல்லவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் கறுத்த போத்தல்கள் அடுக்கிக் கிடந்தன. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். சோமசேகரம் யன்னலுக்குள் நின்று பார்த்தார். அவள் முதல் போத்தலைக் கழுவி, வெயிலுக்கு நேரே, அவர் கண்ணுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.