'றப்பர் மூஞ்சி' படத்தில் வரும் கிளாக்கர் நான் அல்லேன்

1.

மதிப்புக்குரிய வாசகர்களுக்கு வணக்கம். இக்கதை தோன்றிய விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை என்று கருதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் தோட்டத்து மண்டபத்தில், ஏறத்தாழ நூறு பேர் ஒரே நேரத்தில் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்துதான் தோன்றியது. (தோட்டத்தின் பெயரை எழுதலாமா என்று தெரியவில்லை. கேட்காமல் எழுதுவது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். ரம்புக்கனையிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம்.)

திரையில் ஓடியது 'றப்பர் மூஞ்சி' என்னும் ஐம்பது நிமிடப் படம். எங்கள் இளைஞர் மன்றத்தார் கைப்பேசியிலேயே எடுத்தது. இயக்கியவர் முன்பள்ளி ஆசிரியை ஷாமிளா. கதாநாயகன் தனுஷன், ரம்புக்கனையில் கைப்பேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்பவர். படத்தில் அவர் காலையில் றப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. மதியமானால், புகைபோட்ட றப்பர் சீட்டில் இரண்டு ஓட்டை வெட்டி முகத்தில் கட்டிக்கொண்டு, படங்கு* ஒன்றைத் தோளில் பறக்கவிட்டு, அநீதியைத் தட்டிக் கேட்கும் வீரன். அநீதி எங்கே இருக்கிறது என்றால், தோட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருக்கிறது. அங்கே ஒரு கிளாக்கர், சனங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டு வருபவர்களிடம், "தாங்கள் தயவுகூர்ந்து நாளை வருகை தர இயலுமா?" என்று வினவுகிறார்.

நான் இத்தோட்டத்துச் சின்ன கிளாக்கர். நானும் அப்படித்தான் பேசுவேன்.

படம் முடிந்ததும் ஷாமிளா என்னிடம் வந்தார்.

"சேர், படத்தப்பத்தி ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு, மன்றத்து மலருக்கு எழுதித் தாங்க. தமிழ்ல பட்டம் வாங்குனவரு இங்க நீங்க ஒருத்தர்தானே."

"அந்தக் கிளாக்கர் பாத்திரம்…" என்று தொடங்கினேன்.

"ஐயோ, ஒங்களப் பாத்து எடுக்கலைங்க சேர். ஒங்களப் பாத்து எடுத்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

சம்மதித்தேன். எனக்கு மறுத்துப் பழக்கமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைத்து இறுதியில் திறந்து காட்டும் திறமை எனக்கு இல்லை. இவ்வாரம் நான் எழுத வேண்டிய தாள்கள் இரண்டு. ஒன்று இது. மற்றையது விஜயகலா என்ற பெண்ணுக்குக் கந்தோரிலிருந்து கொடுக்க வேண்டிய கடிதம். கல்வியியற் கல்லூரியிலிருந்து அவருக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு என் இழுப்பறையில் ஒன்பது நாள்கள் கிடந்தது. தேர்வு முடிந்த பின்னரே அவர் கைக்குப் போனது. தாமதம் எங்கே நிகழ்ந்தது என்று கந்தோர் எழுதிக் கொடுத்தால், அவரை இன்னொரு முறை அழைப்பது பற்றி யோசிப்பதாகக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதை வாங்க அவர் வருவார்.

அந்தத் தாளில் இதுவரை ஒரு சொல்லும் எழுதவில்லை. இதிலோ மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

*அடிக்குறிப்பு: படங்கு என்பது வேலைக்குப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த விரிப்பு. படத்தில் பறந்தது இலட்சுமி அக்காவுடையது. அதை இன்னும் திருப்பித் தரவில்லை என்று அவர் என்னிடம் மூன்று முறை முறையிட்டுவிட்டார். நான் அதற்குப் பொறுப்பாளி அல்லேன்.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கேகாலை மாவட்டத்து மலைச்சாரலில் மூடுபனி மெல்ல—" (மூடுபனி இல்லை. பிற்பகல் இரண்டு மணி, வெயில். தோட்டம் என்றாலே மூடுபனி என்று பள்ளியில் எழுதிப் பழகிவிட்டேன். அடித்துவிட்டேன்.)

"முகமூடி என்பது மனித நாகரிகத்தின் மிகத் தொன்மையான—" (இது என் பட்டப்படிப்புக் கட்டுரையின் முதல் வரி. அறுபத்து நான்கு புள்ளிகள் கிடைத்தன. அடித்துவிட்டேன், சற்று மனவருத்தத்துடன்.)

"ஒரு தோட்டத்தில் ஒரு கிளாக்கர் இருந்தார். அவர் மிகவும் நல்லவர்—" (யார் சொன்னது?)

3.

ரசிகர்களின் கருத்துகளைத் திரட்டுவது எளிது என்று நினைத்திருந்தேன். பிடித்தது, பிடிக்கவில்லை என இரண்டு நிரல்கள் கீறிக்கொண்டு புறப்பட்டேன். ஒருவராவது ஒரு நிரலில் அடங்கியிருந்தால் அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றியுடையவனாக இருந்திருப்பேன்.

இலட்சுமி அக்கா தண்ணீர்க் குழாயடியில் நின்றார். பால் வெட்டுபவர். அஞ்சாமல் பேசுபவர்.

"ஏங்க ஐயா, மூஞ்சிய மூடிக்கிட்டா ஆளு தெரியாதா? இந்தத் தோட்டத்துல நடையப் பாத்தே யாரு மவன்னு சொல்லிருவோம். அந்தப் பய கால அகட்டி அகட்டி நடக்குறான். அதுல சீட்டு நாத்தம் வேற, நாய் பூரா பின்னால ஓடுது. அவன்லாம் வீரனா?"

"அப்படியானால், பிடிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"யாரு புடிக்கலைன்னா? நான் ரெண்டு தடவ பாத்தேன்."

இரண்டு நிரல்களுக்கும் நடுவே உள்ள கோட்டின் மேல் அவர் பெயரை எழுதினேன்.

பஸ் நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் நிலாம் நானாவிடம் கேட்டேன். "படம் சோக்கா ஈக்கிது கிளாக்கர். ஆனா ஃபைட்டு காணாது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிளாக்கர ஒரு அடியாச்சும் அடிச்சீக்கணும். சும்மா உட்டுட்டாங்களே," என்றார். தாழ்த்திய குரலும் கடை முழுவதும் கேட்டது. தேநீருக்குச் சீனி கூடப் போட்டுத் தந்தார். ஆறுதலாக இருக்கலாம்.

இணையத்திலும் படத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதன் கீழே ஒருவர், 'முதல் பாதி மாஸ், இரண்டாம் பாதி இழுவை' என்று எழுதியிருக்கிறார். ஐம்பது நிமிடத்தில் இவர் எங்கே பாதி பிரித்தார் என்று கேட்க விரும்பினேன், கேட்கவில்லை. இன்னொருவர் சிங்களத்தில், 'கிளாக் மாத்தயா நியமாய்' என்று பாராட்டியிருக்கிறார். கிளாக்கர் ஐயா அருமை என்பது பொருள். அதற்கு நாற்பத்தோரு விருப்பக் குறிகள். கதாநாயகனுக்கே ஒன்பதுதான்.

முன்பள்ளிப் பிள்ளைகளின் கருத்தைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. காலையில் கந்தோருக்குப் போகும்போது வேலிக்கு அப்பாலிருந்து இருபது குரல்கள், "தாங்கள் நாளை வருகை தர இயலுமா!" மாலையில் திரும்பும்போது மீண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளின் உச்சரிப்பு இவ்வளவு திருத்தமாக இருப்பதைக் கண்டு ஓர் ஆசிரியை மகிழலாம். நான் ஆசிரியை அல்லேன்.

கடைசியாகப் பெரிய கிளாக்கர் தருமலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்தவர். இருபத்தாறு வருடங்களாக இக்கந்தோரில் இருக்கிறார்.

"ஆக்கள் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும் தம்பி, உமக்கென்ன? ஆனா அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிற கடிதத்தில தபால் பிந்தினது எண்டு மட்டும் எழுதும். கந்தோர் எண்ட சொல்லே வரக்கூடாது. தோட்டத்துத் துரை கண்டாரெண்டா உம்மட வேலை போகும், என்ர மானம் போகும்."

"உறையின் பின்புறத்தில் நம் தபாற்கந்தோரின் முத்திரை இருக்கிறதே, ஐயா. வந்த திகதி தெளிவாகத் தெரிகிறது. தபால் பிந்தியது என்று எழுதினால் கல்லூரியில் நம்பமாட்டார்களே."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

4.

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் எழுகிறது. சின்ன கிளாக்கர் நம்பும்படியாக இல்லை.

படத்துக் கிளாக்கர் கெட்டவர். கடிதங்களைப் பூட்டி வைப்பதில் அவருக்கு இன்பம். பார்ப்பவர்களுக்கு உடனே விளங்குகிறது. கெட்ட எண்ணம் எதுவுமின்றி ஒருவன் ஒரு கடிதத்தை ஒன்பது நாள்கள் வைத்திருந்தான் என்றால் எந்த வாசகர் ஏற்பார்?

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, தனித்தனி முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். நான் பெயர்வாரியாகப் பிரித்துக் கங்காணியிடம் கொடுக்க, அவர் காலைப் பிரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கையோடு கொடுத்துவிடுவார். அந்த உறையில் 'ப. விஜயகலா' என்று மட்டும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ப. விஜயகலா இருவர். ஒருவர் பழனியாண்டியின் மகள், மற்றவர் பெருமாளின் மகள். இருவருமே உயர்தர வகுப்புவரை படித்தவர்கள். இரு குடும்பங்களுக்கும் கோயில் திருவிழாவில் நடந்த சண்டையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தவறான வீட்டுக்குக் கடிதம் போனால் என்ன ஆகும் என்று அஞ்சினேன். பிறருடைய உறையைப் பிரித்துப் பார்ப்பது அநாகரிகம். தருமலிங்கம் ஐயாவிடம் கேட்கலாம் என்றால், அவர் தம் சகோதரியின் மகளின் திருமணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று இழுப்பறையில் வைத்தேன். தேர்வு ஏழாம் நாள். அவர் வந்தது ஒன்பதாம் நாள்.

வாசகர் இப்போது கேட்பார், இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, கல்லூரிக்கு விண்ணப்பித்தவர் யார் என்று கேட்டிருக்கலாமே என்று.

ஆம். இரண்டு நிமிட வேலை.

(இங்கே என் மனநிலையை விவரிக்கும் ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் உறுத்தியது.)

5.

அக்கடிதத்துக்கு உரியவரான, பழனியாண்டியின் மகள் விஜயகலாவின் கருத்தைப் புதன்கிழமை பால் கொட்டகையில் கேட்டேன். அவருக்கு இருபத்தைந்து வயது. விண்ணப்பிக்க இதுவே கடைசி வருடம். இப்போது தாயாரோடு பால் வெட்டப் போகிறார்.

"திரைப்படம் தங்களுக்கு எவ்வாறு இருந்தது?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நல்லாதாங்க இருந்துச்சு. அப்பா இன்னும் சிரிச்சிக்கிட்டு இருக்காரு."

"தாங்கள் சிரிக்கவில்லையே."

"எனக்கு ஒன்னுதாங்க வெளங்கல. எதுக்கு முகமூடி, படங்கு, இம்புட்டு ஓட்டம்? கந்தோருல இருக்குறவரே லெட்டர எடுத்துக் குடுத்திருந்தா பத்து நிமிசத்துல படம் முடிஞ்சிருக்கும்ல?"

"அப்படியானால் படமே இருந்திருக்காதே," என்றேன். ஓர் இலக்கிய மாணவனின் பதில் அது. சொன்ன கணமே வெட்கமாக இருந்தது.

"இல்லாட்டிப் போவுதுங்க." அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். "அது என்னோட லெட்டருங்களா?"

"இல்லை. இது படத்தைப் பற்றியது. மலருக்காக."

"எத்தன பக்கம் எழுதிட்டீங்க?"

"பதினொன்று."

அவர் வாளியைத் தூக்கினார். "எனக்கு ஒரு பக்கம் போதுங்க. வெள்ளிக்கெழம வரவா?"

"தாங்கள் தயவுகூர்ந்து…" என்று தொடங்கினேன். பின்னால் நின்ற இலட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விஜயகலா சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"வாருங்கள்," என்றேன்.

6.

முடிவுகள். தங்களுக்கு விருப்பமானதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதத்தான் இருந்தேன்.

முதலாவது: வெள்ளிக்கிழமை மதியம் றப்பர் மூஞ்சி கந்தோருக்குள் பாய்கிறார். சின்ன கிளாக்கரின் கழுத்தைப் பிடித்துக் கடிதம் எழுத வைக்கிறார். நிலாம் நானாவுக்கு ஃபைட்டும் கிடைக்கும். எனக்கு இது மிகவும் வசதி, கட்டாயத்தின் பேரில் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் தனுஷனுக்குக் கடையில் விடுமுறை இல்லை.

இரண்டாவது: விஜயகலா புன்னகைத்து, "பரவாயில்லைங்க, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்கிறார். (அடுத்த வருடம் இல்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். என் கதை அழகாக முடிவதற்காக அவர் மன்னிக்க வேண்டுமாம். வாசித்தபோது என் மீதே எரிச்சல் வந்தது.)

மூன்றாவது: துரை கடிதத்தைப் படித்துவிட்டு, நேர்மையைப் பாராட்டி என் தோளில் தட்டுகிறார். (துரை என் தோளைத் தொட்டதில்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது.)

இந்த மூன்றையும் எழுதிய நேரத்தில் அந்தத் தாளிலும் மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் தபாலின் மேல் பழி போட்டேன். இன்னொன்றில் மகள்களுக்கு ஒரே பெயர் வைத்த இரண்டு தந்தையர் மேல். மூன்றாவதில் யாழ்ப்பாணத்துத் திருமணத்தின் மேல். மூன்றும் கேட்க மிகவும் மரியாதையாக இருந்தன. எதையும் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க முடியாது.

7.

வெள்ளிக்கிழமை, பதினொன்றே முக்கால்.

நான்காவது வரைவு ஏழு வரிகளில் முடிந்துவிட்டது. அதை இங்கே பிரதி செய்யமாட்டேன், அது தங்களுக்கு எழுதியதல்ல. இரண்டு வரிகளை மட்டும் சொல்கிறேன்: 'இவ்வழைப்பு உரிய நேரத்தில் கந்தோருக்கு வந்தது. அதை ஒன்பது நாள்கள் என் இழுப்பறையில் வைத்திருந்தவன் நான்.' கீழே யோகராஜ் என்று பெயர் எழுதியிருக்கிறேன். இன்னும் கையொப்பம் இடவில்லை.

தருமலிங்கம் ஐயா தாளை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது போனா உமக்கு இஞ்ச இருக்கக் கதிரை இல்லை, தம்பி," என்றார். பிறகு கந்தோர் முத்திரைப் பெட்டியை என் மேசை மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இருபத்தாறு வருடங்களில் அவர் அந்தப் பெட்டியைப் பூட்டாமல் எழுந்து போனதை யாரும் கண்டதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று எழுதுவதா, வேறு ஏதேனும் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சன்னலுக்கு வெளியே, பால் கொட்டகைப் பாதையில் விஜயகலா ஏறி வருகிறார். உடை மாற்றவில்லை, கைகளை மட்டும் கழுவியிருக்கிறார். மலருக்கு இந்தக் கதையை இன்று மாலைக்குள் கொடுப்பதாக ஷாமிளாவுக்கு வாக்களித்திருக்கிறேன். முடிவில்லாத கதையா என்று அவர் கேட்பார். துரை என்ன சொல்வார், கல்லூரியில் என்ன சொல்வார்கள், அடுத்த மாதம் நான் எங்கே இருப்பேன் என்பவற்றையெல்லாம் தாங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பாக முடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மன்னிக்க வேண்டும். என்னிடம் ஒரு பேனாதான் இருக்கிறது. அது மற்றத் தாளுக்கு வேண்டும்.