ஒரு பாக்கெட் சோப்புத்தூள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்திரத்தைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்காதவன் சிவகாசியில் வேலை பார்த்தவனே இல்லை. இருபது வருஷம் அச்சாபீசில் இருந்த கை என்னுடையது. ஆமத்தூர் சாண எரிவாயு பிளாண்டுக்கு வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. காலியாக இருந்த கரைசல் தொட்டிக்குள் இறங்கி, ஒரு பாக்கெட் தூளையும் கொட்டித் தேய்த்து, பேருக்கு அலசிவிட்டு, வெளியே சந்தனம் குங்குமம் வைத்தேன். பெருமை வேறு!

அந்தத் தொட்டியில் நிற்கிற கரைசல்தான் சாண வாயுவிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும். அப்புறம்தான் நல்ல வாயு சிலிண்டரில் ஏறும். பூஜை முடிந்து கரைசலை நிரப்பி ஓட்டினால், வாயுவும் கரைசலும் கலக்கிற டவர் முழுக்க நுரை. நுரை அடக்கும் மருந்து ஊற்றியும் அடங்கவில்லை. சிலிண்டர் நிரப்புவது நின்றுபோனது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத்தான் திறக்கவில்லை. இந்த வேலை கிடைத்ததால்தான் என் மனைவி வீரலட்சுமி நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலையை விட்டாள். என் வேலை போனால் மறுபடி அந்த மருந்தறைக்குத்தான் போவாள்.

மூன்றாம் நாள் முதலாளி அப்துல் ஹக்கீம் கரைசல் முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார். புதுசு வர ஒரு மாதம் ஆகும், அதுவரை பிளாண்டை மூடலாம் என்றார். லேப் பார்க்கும் ருமானா, முதலாளியின் தங்கச்சி பிள்ளை, என்னிடம் வந்தது.

"அண்ணே, அதுல என்ன விழுந்துச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. எண்ணெய், சோப்பு மாதிரின்னா வடிகட்டியில போடுற கரி இழுத்துக்கிரும். உப்பு கூடிப்போச்சுன்னா கரியால ஒண்ணும் ஆகாது, மாத்தத்தான் வேணும்."

"சோப்புத்தூளு தாயி. நாந்தான்."

திட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பிள்ளை, "எம்புட்டு?" என்று மட்டும் கேட்டது.

ஒரு புட்டியில் கரைசலை எடுத்து, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த புதுக் கரியைப் போட்டு, ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டியது. மறுபடி குலுக்கினால் நுரை எழும்பி உடனே அமுங்கிவிட்டது. கரைசல் பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வடிகட்டியில் இருந்த பழைய கரி எதையும் இழுக்க முடியாமல் எப்போதோ செத்துப் போயிருந்தது. சரக்குக் கிட்டங்கியில் கிடந்த ஆறு மூட்டை புதுக் கரியைத் தூசு போக நானே அலசி நிரப்பினேன். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியே விட்டோம். அதற்கு இரண்டாம் நாள் டவரில் நுரை அடங்கியது. சிலிண்டரில் வாயு ஏறியது.

முதலாளி வந்து, "யாரு பாத்த வேலை இது?" என்றார். ருமானா என்னைப் பார்த்தது. இந்த முறை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. நானே முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுக சொன்னதாலதான் மாமா கரைசல் பொழச்சுது" என்றது ருமானா.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கப்பாண்டி, அடுத்த வருசமும் தொட்டியை நீங்கதான் களுவணும். வெறுந்தண்ணியில களுவுங்க, போதும்."

அடுத்த வருஷமும் என்றாரே. கையெடுத்துக் கும்பிட்டேன், முதலில் ருமானாவை.