வலது கையின் பழக்கம்

விமானம் தரையை விட்டு எழும்பி, சான் லாசரோ ஊர்க் கோயிலின் மணிக்கூண்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையிலிருந்த தேர்வாளர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "வலது கை எங்கம்மா போச்சு?"

விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த நெலிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கை நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, இடது தோளில் இருந்தது. இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குமிழ் பிடிப்பார் இல்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். தேர்வாளர் பல்திவியேசோ உரிமத் தேர்வைத் தொடர்ந்தார். வளைந்து திரும்பச் சொன்னார், இன்ஜின் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு இறங்க இடம் தேடச் சொன்னார், பக்கக் காற்றில் தரையிறங்கச் சொன்னார். எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகவே செய்தாள். இறங்கி நின்ற பிறகுதான் அவர் அதைப் பற்றிப் பேசினார்.

"மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா பழைய விமானம்மா இது. அதிர்வுல அந்தக் குமிழ் தானா பின்னால நழுவும், இன்ஜின் வேகம் கொறைஞ்சிரும். முன்னூறு அடி ஒசரத்துல நழுவினா அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு கைதான் உண்டு. அது வேற வேலைக்குப் போயிருச்சு. அடுத்த மாசம் திரும்ப வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். வருத்தமாகச் சொன்னார்.

சான் லாசரோவில் மாதா கோயிலைக் கடக்கும் யாரும் சிலுவை வரைந்துகொள்ளாமல் போவதில்லை. மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள், பின்னால் இரண்டு பேரும் மடியில் ஒரு கோழிக்கூடையுமாக வளைவில் சாய்ந்து திரும்பும்போதுகூட ஒரு கையை எடுத்துவிடுவார்கள். நடக்கக் கற்கும் முன்பே நெலிதாவின் கை அதைக் கற்றிருந்தது. யாரும் கட்டாயப்படுத்திய பக்தி அல்ல அது. தெரிந்தவர் வாசலில் நிற்கும்போது பாராமுகமாகப் போக மனம் வருமா? அவ்வளவுதான். ஆனால் ஊரின் ஓடுதளமோ கோயிலைப் பார்த்தபடியே போட்டிருந்தது.

நாற்பதை நெருங்கும் வயதில் அவள் விமானம் ஓட்டக் கற்க வந்ததற்கும் அந்தக் கோயில்தான் காரணம். ஆற்றோரக் கிராமங்களில் பதினைந்து வருடம் நர்சாக இருந்தவள். மழைக்காலத்தில் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். அப்போதெல்லாம் பங்குச் சாமியார் அன்செல்மோதான் கோயிலின் சின்ன விமானத்தில் வந்து, பிரசவத்தில் தவிக்கிறவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார். போன வருடம் மருத்துவப் பரிசோதனையில் அவர் கண்கள் தேறவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் உரிமம் பெற்ற ஒருவர் கிடைக்காவிட்டால் விமானத்தை வேறு மறைமாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவதாக பிஷப் இல்லம் சொல்லிவிட்டது. ஆள் தேடிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் நெலிதாவே ஒரு நாள் பூசை முடிந்து சாமியாரிடம் போய், "நான் கத்துக்கட்டுமா சாமி?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறாள்.

மருத்துவப் பரிசோதனை, வானிலைப் பாடம், வரைபடப் பாடம், எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடிந்தன. சொல்லிக்கொடுத்த வில்டெருக்கு அவளைவிடப் பதினாறு வயது குறைவு. அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனைத் தம்பி என்பாள். விமானத்துக்குள் ஏறிவிட்டால் மட்டும் கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கியபோது, விமானிகள் வழக்கப்படி தலையில் வாளித் தண்ணீரும் பழைய இன்ஜின் எண்ணெயும் ஊற்றியவனும் அவன்தான். அன்று எண்ணெய் வழிய நின்று அழுதவளுக்குத் துடைத்துக்கொள்ளத் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

முதல் தேர்வில் தவறிய பிறகு அந்த ஒரு மாதம் அவன் படாத பாடு பட்டான். அவள் கைக்கு முரட்டுத் தோலுறை மாட்டிப் பார்த்தான். உறையோடு கை நெற்றிக்குப் போனது. மணிக்கட்டில் கைக்குட்டையைக் கட்டி, அதன் மறுமுனையைத் தன் விரலில் பிடித்துக்கொண்டான். கோயில் வந்ததும் அவன் விரல்தான் இழுபட்டது.

"அக்கா, தரையில இருக்கும்போதே நூறு தடவ போட்டுக்கங்க. யாரு வேணாங்குறா? மேல போனா மட்டும் வேணாம்."

"போட்டுட்டுதானேப்பா ஏறுறேன். இது நானா செய்யிறதில்ல. மாதாவப் பாத்ததும் கை கெளம்பிருது."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

"கோவிச்சுக்கிட்டாகூடப் பரவால்லப்பா. வருத்தப்படுவாங்களேன்னுதான்."

வில்டெர் கோயில் பக்கமே போகாதவன். ஆனால் இதற்கு அவன் கேலி செய்யவில்லை. இடித்த வாழைக்காயும் உப்புக்கண்டமும் கலந்த மசாகோவை அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றபடி வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

நெலிதா சாமியாரிடமும் போனாள். கும்பிடாமல் போனால் தப்பா என்று கேட்டாள். அவர், தான் ஓட்டிய காலத்தில் தலையை மட்டும் கொஞ்சம் குனிந்துகொண்டதாகச் சொன்னார். அதையும் முயன்று பார்த்தாள். தலை குனிந்தது, கையும் கூடவே எழுந்தது.

தேர்வு நாள் விடிந்தது. வடக்கே மேகம் கறுத்திருந்தது. இதிலும் தவறினால் அடுத்த தேர்வுக்குள் மழைக்காலம் வந்துவிடும், விமானமும் போய்விடும். பொழுதைக்கும் விமானக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நிற்கும் வில்டெர் அன்று விமானக் கொட்டகையில் இல்லை. காலையிலேயே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார். இன்றைக்கா போக வேண்டும் என்று நெலிதா வாசலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். தோற்பதைப் பார்க்க மனமில்லாமல் போயிருப்பான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பல்திவியேசோ ஏறி வாரைப் பூட்டிக்கொண்டார்.

விமானம் ஓடி எழும்பியது. வலது கை குமிழின் மேல். இடது கை ஓட்டுகோலில். கோயிலின் மணிக்கூண்டு நெருங்க நெருங்க, தோளிலிருந்து ஏதோ ஒன்று கையை மேலே கூப்பிட்டது. விரல்கள் தளர்ந்தன. மன்னிச்சுக்கங்க தாயே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இடது ஜன்னல் வழியே ஒரு கணம் கீழே பார்த்தாள்.

கோயில் முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். மஞ்சள் சட்டை போட்ட டாக்சிக்காரர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு அண்ணாந்திருந்தார்கள். சந்தைப் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். சாமியார் அங்கியோடு, சத்தம் வரும் பக்கமாக முகத்தைத் தூக்கியிருந்தார். முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவன் கைகளை வீசி ஏதோ சைகை காட்டினான். அவ்வளவு பேருடைய வலது கைகளும் ஒன்றாக எழுந்தன. நெற்றிக்கு, நெஞ்சுக்கு, தோளிலிருந்து தோளுக்கு. வெள்ளைச் சட்டைக்காரனின் கை மட்டும் பழக்கமில்லாமல் கொஞ்சம் பிந்தியது.

நெலிதாவின் கை எழவில்லை. எழ வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் குமிழ் உள்ளங்கைக்குள் மெல்லப் பின்னுக்கு நழுவியது. ஒரு விரற்கடைகூட இருக்காது. அவள் அதை முன்னே தள்ளிப் பிடித்தாள். இன்ஜினின் ஓசை மாறாமல் விமானம் மேலேறியது.

பல்திவியேசோ வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்திருந்தார். பிறகு கேட்டார்:

"இன்னிக்கு ஊர்ல ஏதாவது திருநாளா?"

"தெரியல, கேப்டன்."

அவள் குரல் உடைந்திருந்தது. அவர் அதைக் கவனிக்காதவர்போலக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சரிம்மா. எடப்பக்கம் திரும்புங்க. ஆத்தப் பாத்து."

இறக்கை சாய்ந்தது. கீழே சமவெளியில் முதல் மழையின் தண்ணீர் அங்கங்கே தேங்கத் தொடங்கியிருந்தது. மேடான ஓரிடத்தில் மாடுகள் நெருங்கி நின்றன. ஆற்றின் வளைவுகளுக்கப்பால், தகரக் கூரைகள் நாலைந்து வெயிலில் மின்னின. ஒரு தேங்கலிலிருந்து இன்னொரு தேங்கலுக்கு, விமானத்தின் சின்ன நிழல் நனையாமல் போய்க்கொண்டிருந்தது.