பிப்ரவரியில் பார்த்த தெரு

வீட்டை விற்க வந்த பெண்மணி பேச்சுக்குப் பேச்சு சிரித்தாள். அதனாலேயே அவள் சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

"இங்கேருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான் சார்," என்றாள்.

என் மனைவி ஆர்டித்தை டிரக்கில் ஏற்றி நானே ஓட்டிப் பார்த்தேன். பிப்ரவரி மாதம். முந்தின இரவு முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியிருந்தது. அப்படியும் அந்தத் தெரு துடைத்து வைத்த மாதிரி கறுப்பாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி என்பதால் பனி அள்ளுகிற வண்டி முதலில் அங்கேதான் வருமாம். கையிலிருந்த காபி ஆறுவதற்குள் அவசர சிகிச்சை வாசலில் நின்றோம். அதற்கப்புறம் நடந்தும் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. முன்தெரு அடைபட்டால் அந்த வழியாக வெளியேறலாம். அதையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அயோவாவில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாதையை அடைப்பது பனி ஒன்றுதான். வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்கு முந்தின குளிர்காலத்தில், எங்கள் பண்ணை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆர்டித் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் எங்கள் மண்பாதையில் பனிக்குள் சிக்கிக்கொண்டது. நான் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் வழி வெட்டிக் கூட்டி வந்தேன். பிழைத்தாள். பாதி இதயம் போய்விட்டது என்றார் டாக்டர். "அடுத்த தடவை வந்தா இவ்வளவு நேரமெல்லாம் தாங்காது. ஆஸ்பத்திரி பக்கமா வந்துடுங்க," என்றார். நிலத்தை விற்றேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சாமான் ஏற்றும் ஆட்களையும் நான் நம்பவில்லை. நானே ஏற்றினேன். கன்றுகளுக்குத் தீவனம் தள்ளிக்கொண்டு போகிற இரண்டு சக்கரக் கைவண்டியை டிரக்கின் மேல் போட்டுக் கட்டியபோது ஆர்டித் வாசலில் நின்று சிரித்தாள்.

"அதை எதுக்கு ஏத்தற? அங்க யாருக்குத் தீனி வைக்கப் போற, அந்த புரொபசருங்களுக்கா?"

"கெடக்கட்டும். என்ன, சோறா கேக்குது?"

ஃபேர்லி என்பது அந்த ஊரின் பெயர். பாதிப் பேர் படிக்க வந்த பிள்ளைகள். மீதிப் பேர் அவர்களை வைத்துப் பிழைக்கிறவர்கள். எங்கள் பண்ணைப் பக்கம் எதிரே வருகிற வண்டி யாருடையதாக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வோம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆர்டித் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்து போகிற வருகிற கார்களுக்கெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தனும் திருப்பித் தூக்க மாட்டேங்கறான் எல்டன்," என்றாள் ஒரு நாள்.

"அவனவன் போனைப் பாத்துக்கிட்டுப் போறான். நீ எதுக்குக் கையை வலிக்கப் பண்ணிக்கற?"

"செத்துப் போனா யாருக்கும் தெரியாது போல இந்த ஊர்ல."

"ஆஸ்பத்திரிக்குத் தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

செப்டம்பரில் முதல் சனிக்கிழமை வந்தது. கல்லூரி ஃபுட்பால் ஆட்டம், மைதானம் பக்கத்திலேயே. விடிந்ததும் எழுந்து பார்த்தால் எங்கள் தெருவில் தார் தெரியவில்லை. கார், பஸ், கறி சுடுகிற அடுப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் பச்சைச் சட்டை போட்ட சனம். காலையிலேயே பீர். தெருக்காரர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுப் புல்தரையில் கார்களை நிறுத்தவிட்டுக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் நின்ற போலீஸ்காரனிடம் போனேன்.

"இதுக்குள்ள ஆம்புலன்ஸ் எப்படிப்பா வரும்?"

"அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கு தாத்தா. நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று சொல்கிறவன் எவனாவது உதவி செய்து நான் பார்த்ததில்லை. டிரக்கைப் பின்பக்கக் கொட்டகைக்குள் சந்தைப் பார்த்து நிறுத்தினேன். சாவியை வண்டியிலேயே விட்டேன். சந்து பெரிய சாலையில் போய்ச் சேரும். சாலையைத் தாண்டினால் ஆஸ்பத்திரியின் பின்வாசல். அப்புறம் சாணம் வாரும் முள்கரண்டியை எடுத்துக்கொண்டு முன்புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு கோனி, புருஷனை இழந்தவள், ஆரஞ்சுக் கொடியை ஆட்டிக் காரை உள்ளே விட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்ன எல்டன், சண்டைக்கு வந்தவர் மாதிரி உக்காந்திருக்கீங்க? சனங்க பயப்படுது."

"பயப்படட்டும்."

"கொஞ்சம் சிரிச்சா முகம் கிழிஞ்சிடுமா?"

"கிழிஞ்சாலும் கிழியும். பழைய முகம்."

ஜன்னலுக்குள்ளிருந்து ஆர்டித் சிரித்தது கேட்டது. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கோனி சொன்னதை ஆர்டித் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆட்டம் வரும்வரை விடவில்லை. "மனுசங்க வர்றாங்க எல்டன். நம்ம வாசலுக்கே வர்றாங்க. நீ கரண்டியக் காட்டித் தொரத்தற." கடைசியில் முன்புல்தரையை மட்டும் விட்டேன். பின்பக்கம் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது என்றேன். சரி என்றாள். இலவங்கப்பட்டை ரோல் சுட்டுத் தகரத் தட்டில் அடுக்கி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எந்த ஊர், யாருக்கு எங்கே வலி, எல்லாம் கேட்டாள். சாயங்காலம் கன்னம் சிவந்து போய்ப் படுத்தாள். அவளை அப்படிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அக்டோபரில் பெரிய ஆட்டம் வந்தது. எதிர் டீம்மேல் ஊருக்கே பழைய பகை. காலையில் முன்பக்கம் நான் ஆட்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் போனால், கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கார். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஓர் ஆள், கூடவே அவன் பெண்டாட்டி. ஆர்டித் அவர்களுக்கு ரோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எடு வண்டிய," என்றேன்.

"எல்டன், இவர் ரிக். இது அவர் சம்சாரம் பேட்டி. டேவன்போர்ட்லேருந்து வர்றாங்க. இவருக்கு முட்டியில ஆபரேஷன் ஆகி இப்பத்தான் நடக்கறார். ரொம்ப தூரம் நடக்க முடியாது."

"உங்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

"ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. ஒரே ஒரு நாள்."

ரிக் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "சார், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அவசரம்னா நீங்களே நகர்த்திக்கோங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான் குடுப்போம்."

"அடுத்தவன் சாவி எனக்கு எதுக்கு? அப்புறம் வந்து கீறல் விழுந்திருக்கு, பெட்டியில வச்சது காணோம்னு நிப்பீங்க."

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம் சார்."

"சொல்றவன் எவனும் முன்னாடியே சொல்றதில்ல. நீயே வச்சுக்க."

பேட்டி என்னைப் பார்த்தாள், ஆர்டித்தைப் பார்த்தாள். ஆர்டித் அவளுக்கு இன்னொரு ரோல் கொடுத்தாள். "இவர் இப்படித்தாம்மா. கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் கையில மோதிரத்தக் குடுக்க மாட்டேன்னு நின்னவரு." எல்லாரும் சிரித்தார்கள். ரிக் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான்.

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. தெருக்கோடியில் கல்லூரி பேண்டு புறப்படுகிற சத்தம் கேட்டது. பார்க்கலாம் என்று ஆர்டித் வாசலுக்கு வந்தாள். வந்தவள் தட்டைக் கீழே வைத்தாள், போடவில்லை, மெதுவாகக் குனிந்து வைத்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பண்ணை வீட்டுச் சமையலறையில் பார்த்த அதே பார்வை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "அவங்களை அசைக்காதீங்க சார். அங்கேயே இருங்க. ஆளுங்க கிளம்பிட்டாங்க," என்றாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் கிட்டே வரவில்லை. எங்கேயோ ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. போலீஸ்காரன் சொன்ன ஏற்பாடு நினைவுக்கு வந்தது. நான் காத்திருக்கவில்லை. கொட்டகைக்கு ஓடி டிரக்கை எடுத்து அந்த வெள்ளைக் காரின் மேல் மோதினேன். கதவு நசுங்கியது, கார் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி மோதினேன். விளக்குக் கம்பத்தில் போய்ச் சாய்ந்து அப்படியே செருகிக்கொண்டது. அதற்கு மேல் அசையவில்லை, சந்தும் அடைபட்டுப் போனது.

சுவரோரம் கைவண்டி சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். கம்பளியை விரித்து ஆர்டித்தைத் தூக்கி உட்கார வைத்தேன். முகம் தெருவைப் பார்த்து, முதுகு என்னைப் பார்த்து. அந்த வண்டி அப்படித்தான், தள்ளுகிறவனுக்குத் தீவனத்தின் மேல்பாகம்தான் தெரியும். எனக்கு அவளுடைய நரைத்த தலையும் அதில் குத்தியிருந்த ஊசியும் தெரிந்தன.

தெருவில் இறங்கியதும் சனம் என்னைப் பார்த்து ஓவென்று கூச்சல் போட்டது.

"பாட்டி வர்றாங்க, வழி விடுங்கடா!"

"தாத்தா, பாட்டிக்கு டிக்கெட் இருக்கா? இல்லன்னா நான் தரேன்!"

"நகருடா! ஆஸ்பத்திரிக்குப் போகணும்! ஹார்ட் அட்டாக்!" என்று கத்தினேன்.

"எங்களுக்கும்தான் தாத்தா! இந்த டீமப் பாத்தா யாருக்குத்தான் வராது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் பச்சை மணிமாலையை அவள் கழுத்தில் போட்டான். அவனை முழங்கையால் இடித்துத் தள்ளினேன். பேண்டு எங்களுக்குக் குறுக்கே வந்தது. டிரம் அடித்த அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் கடக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு, "பாட்டி! பாட்டி!" என்று ஆடினார்கள். ஆர்டித்தின் கை கம்பளிக்கு மேல் தூக்கித் தூக்கி விழுந்தது. மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாகத் தள்ளினேன். ஆஸ்பத்திரிக் கட்டடம் தலைக்கு மேலே தெரிந்துகொண்டேதான் இருந்தது.

பிப்ரவரியில் காபி ஆறுவதற்குள் வந்து சேர்ந்த வாசல் அது.

உள்ளே திரை போட்டு மறைத்தார்கள். வெகுநேரம் கழித்து, மீசைகூடச் சரியாக முளைக்காத டாக்டர் ஒருவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். அதில் மோதிரமும் தலை ஊசியும் அந்தப் பச்சை மாலையும் இருந்தன.

"உங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்திருக்காங்க சார். கூட்டத்துக்குள்ள நுழையற சின்ன வண்டியில, மருந்தெல்லாம் எடுத்துக்கிட்டு. வீட்டுல யாரும் இல்லையாம்," என்றாள்.

நான் கிளம்பி எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. 

வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். ஆட்டம் முடிந்து சனம் எதிரே வந்தது. ஜெயித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பொழுது சாய்கிற நேரம். பின்சந்துக்குப் போனால் ரிக்கும் பேட்டியும் நசுங்கிய காரின் பக்கத்தில் நின்றார்கள்.

"இடிச்சது நான்தான்," என்றேன்.

"கார் கெடக்கட்டும் சார்," என்றான் ரிக். பிறகு காலி வண்டியைப் பார்த்தான். "ஆர்டித் எங்க?"

பேட்டி அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். "உங்களைத் தெருவுல பாத்தோம்! ஆட்டத்துக்குத்தான் கூட்டிட்டு வர்றீங்கன்னு நெனச்சோம். நான் கூப்பிட்டேன், காதுல விழலை போலருக்கு. போன்ல எடுத்து வச்சிருக்கேன், ஆர்டித்துக்குக் காட்டலாம்னு..."

"செத்துட்டா."

அவள் போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"காட்டு," என்றேன்.

"வேண்டாங்க."

"காட்டும்மா. எனக்கு அவ முதுகுதான் தெரிஞ்சுது."

காட்டினாள். ஆர்டித்தின் முகம் முன்னாலிருந்து தெரிந்தது. சாம்பல் நிறம். உதடு நீலம். ஆனால் மூச்சுக்குத் தவித்த முகம் இல்லை அது. தெருவோரத்தில் யார் கையைத் தூக்கினாலும் அவள் கம்பளியிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினாள். இந்தப் பக்கம் ஒருவனுக்கு, அந்தப் பக்கம் ஒருத்திக்கு. எங்கள் மண்பாதையில் தூக்குகிற மாதிரியே. ஒருவரையும் விடவில்லை.

பிறகு தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அந்தப் படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு வேறு பக்கம் எவனையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். மறுபடியும் அதையே சொன்னாள், உதடு அதே மாதிரி அசைந்தது. நான் திரும்பவில்லை. அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் யாருக்கும் விரல் எழவில்லை.

"என்ன சொல்றா?" என்றேன்.

"தெரியலைங்க."

"சத்தத்தக் கூட்டு."

கூட்டினாள். டிரம்தான் கேட்டது.

"மறுபடி போடு."

பேட்டி அழுதுகொண்டே போட்டாள். ரிக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். நான் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். டிரம், கூச்சல், அதற்கு நடுவில் நான் கத்துவது. பாட்டி, பாட்டி என்று யாரோ கூப்பிடுவது. மறுபடி டிரம்.