எண்பத்துமூன்றாம் நாளின் கட்டைவிரல்

தொண்ணூறு நாள் இடைவிடாமல் வந்தால் வேலை நிரந்தரம். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சட்டம் அவ்வளவுதான். எண்ண மட்டும் தெரிந்த எவனோ எழுதியது.

அங்கே பெட்டிகளுக்குக் கம்பித் தையல் போடும் மனிதரை எல்லாரும் ‘பெடல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் பேருந்து கண் விழிப்பதற்குள் முதல் ஷிப்டு தொடங்கிவிடும். ஆகவே பன்னிரண்டு கிலோமீட்டரும் சைக்கிள்தான். வெயில் காலத்தில் அது உடற்பயிற்சி. குளிர்காலத்தில், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை. இரண்டு ஜோடி கையுறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை. என்ன போட்டு என்ன? குளிர் சம்பந்தி வீட்டார் மாதிரி, கதவைச் சாத்துவதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

வந்து சேர்வதோடு தொல்லை தீர்ந்ததா? வாசலில் ஓர் இயந்திரம். கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். அப்போதுதான் அன்றைய நாள் கணக்கில் சேரும். விறைத்த விரலை அதற்கு அடையாளம் தெரியாது. தேய்த்து, ஊதி, அக்குளில் இடுக்கி, எப்படியோ எண்பத்திரண்டு நாளை ஓட்டிவிட்டார்.

எண்பத்துமூன்றாம் நாள் சாலையில் உறைபனி. இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்ததில் நேரம் போய்விட்டது. மணியடிக்க இரண்டு நிமிடம். விரலை வைத்தார், சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

தன் கூண்டுக்குள் கெட்டிலில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த காவலாளி எட்டிப் பார்த்தார்.

“என்ன பெடலு, விரல் இன்னும் தூங்குதா?”

“நீங்களாச்சும் எழுப்பி விடுங்கண்ணே.”

“கெட்டில்கிட்ட காட்டு. கிட்டன்னுதான் சொன்னேன், ஒட்டிக்காதய்யா!”

அதற்குள் ஒட்டிவிட்டார். மரத்த விரலுக்குச் சூடு எங்கே தெரியும்? இதமாக இருப்பதாகக்கூட நினைத்தார். வலி வந்து சேர்ந்தபோது தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ரேகை போன இடம் தெரியவில்லை. மணியும் அடித்துவிட்டது.

பணியாளர் பிரிவில் பதிவு செய்யும் பெண்மணி விரலைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“வேற விரலைப் பதிஞ்சுக்குங்க மேடம்.”

“பதியலாம். பழைய விரலை வெச்சாத்தான் கம்ப்யூட்டர்ல உங்க பக்கம் திறக்கும்.”

“பழைய விரல்தான் வெந்து போச்சே!”

“அப்ப பழைய ஆளை எடுத்துட்டுப் புது ஆளாப் போடணும். இன்னிக்கு நாள் ஒண்ணு.”

“நான் அதே ஆளு மேடம். உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சு என்னண்ணே? அதுக்குத் தெரியணுமே.”

பெடல் பேரத்தில் இறங்கினார்.

“எண்பத்திரண்டு வேணாம். எழுபது போடுங்க.”

“முடியாது.”

“அம்பது.”

“அண்ணே, இதென்ன காய்கறிக் கடையா?”

“சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், முப்பது. முப்பதுக்குக் கீழ உள்ளவங்களைத்தான் மாசக் கடைசியில முதல்ல வேலையிலேர்ந்து கழிக்கிறாங்க.”

அவள் பேசவில்லை. விற்கிறவர் வாய் மூடினால் விலை இறங்கப்போகிறது என்பது சந்தை பழகியவர்களின் நம்பிக்கை. பெடலும் நம்பினார். அவளோ கணினியில் பக்கம் திறக்கக் காத்திருந்தாள்.

“வாசல் மெஷின்ல போய் இடது கட்டைவிரலை வைங்க.”

வைத்தார். பச்சை. எண்பத்திரண்டு நாள் அவரை அலைக்கழித்த இயந்திரம், முதல் நாள்காரரை ஒரே தொடுதலில் வரவேற்றது.

அன்றைக்கும் நானூறு பெட்டி தைத்தார். வலது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி. மாலையில் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து வீடு சேர்ந்தார்.

“கையில என்ன கட்டு?” என்றாள் மனைவி.

“கம்பி கீறிடுச்சு.”

“பார்த்து செய்யக் கூடாதா? இன்னும் ஏழே நாள். தங்கச்சிகிட்டச் சொன்னேன். போன குளிருக்கும் இதையேதானே சொன்னே அக்கான்னு சிரிக்கிறா. இந்தத் தடவை அவ வாயை அடைக்கணும்.”

“ஏழுதான்,” என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணி, ஏழாம் நாள் என்ன கிழமை என்பதையும் சொன்னாள். கணக்கில் பிழையே இல்லை. எட்டாம் நாள் இவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாத பெடல், பசியே இல்லாமல் இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லையே.