கடை வாசலில் பனிமான் ஆசனம்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் உரோமக் கோட்டுக் கடை வைத்திருந்த கிராவுசே அம்மாவுக்கு அந்தப் பனிக்காலம் முழுக்க ஈ ஓட்டுவதுதான் வியாபாரம். மிருகங்களுக்காகப் பரிந்து பேசும் இளசுகள் பதாகையோடு வாசலிலே நின்றார்கள். கோட்டு வாங்க வந்த சீமாட்டிகள் அவர்களைக் கண்டதும், பால் வாங்க வந்தவர்கள்போல அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். பின்லாந்தின் வடகோடியிலிருந்து தோல் அனுப்பும் கிழவர் கிழமைக்கொருதரம் தொலைபேசியில் அழுவார். அங்கே நரித்தோல் கூரை முட்டக் குவிந்து கிடக்கிறதாம். பண்ணைகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்களாம். பனிமான் தோலைத் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லையாம்.

அந்தக் கடையில் தோல் தட்டித் தூசி போக்குகிறவன் தவராசா. வேலை போனால், கொழும்பில் காத்திருக்கும் கலாதேவியைக் கூப்பிடுகிற அலுவலும் அதோடு போய்விடும். தாலி கட்டிய சூடு ஆறுமுன்னே விட்டுவிட்டு வந்த பெண். அவளை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்தப் பயத்தில்தான் வாயைத் திறந்தான்.

"மான்தோலோ? எங்கட சனம் அதில இருந்துதான் தியானம் செய்யிறது. வீட்டுக்கு வீடு வாங்குவினம்!" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அடித்துவிட்டான்.

மான்தோலில் இருந்தவர்களை அவன் சாமிப் படத்தில் கண்டதுதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கிராவுசே அம்மா அதை நம்பி ஒரு வான் வண்டி நிறையப் பனிமான் தோலை இறக்கிவிட்டாள்.

தவராசா, ஊர்த் தமிழருக்காக ஒரு நிலவறையில் பிள்ளையாரை வைத்துப் பூசை செய்துவந்த வாசுதேவ ஐயரைக் கையோடு கூட்டிவந்தான். ஐயர் தோலைத் தடவினார், முகர்ந்தார், சுவரில் மாட்டியிருந்த பனிமான் படத்தையும் பார்த்தார்.

"இது ஆண் மானோ?"

"இல்லை ஐயா, பெட்டை. இந்தச் சாதியில பெட்டைக்கும் கொம்பு முளைக்குமாம்."

"பெட்டைக்குக் கொம்பு முளைச்சால் அது மானோ, தம்பி? இதில இருந்து மந்திரம் சொல்ல என்னால ஏலாது."

ஐயர் தொடாததை வேறு ஆர் தொடுவார்? ஒரு தமிழ்ச் சனமும் எட்டிப் பார்க்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குள் தோல் போகாவிட்டால் நீ போகலாம் என்று கிராவுசே அம்மா சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் முறையிட்டுவிட்டு, பூசிய திருநீற்றோடு வேலைக்கு வந்தான். வாசலில் பதாகை பிடித்திருந்த பெட்ரா அந்த நெற்றியைக் கண்டதும் பதாகையைச் சுவரில் சாத்திவிட்டுக் கைகூப்பினாள். நீங்கள் யோகியா என்று கேட்டாள். இல்லையென்று சொல்லத்தான் நினைத்தான். தலை தன்பாட்டில் ஆமென்று ஆடியது.

மறுநாள் காலை கடையின் கண்ணாடிக்குள்ளே, வேட்டியும் வெறும் மேலுமாக, உடம்பெல்லாம் திருநீற்றில் மூன்று குறி இழுத்து, பனிமான் தோலில் சப்பாணி கட்டிக் கண்மூடி இருந்தான். கால் விறைத்தது. மனம் அவன் தங்கியிருந்த விடுதியில் கொதிக்கிற கோழிக்கறியைச் சுற்றிவந்தது. வெளியே கோஷம் அடங்கிவிட்டது. பதாகைக்காரர் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

இந்த மானைக் கொன்றது தோலுக்காகவா என்று பெட்ரா மெதுவாகக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. இறைச்சி அந்த ஊர்ச் சனம் தின்னுறது. தோலை எறிஞ்சால் மானுக்கெல்லோ மரியாதையில்லை?" என்றான் தவராசா. அந்த ஒன்றாவது உண்மையாக இருந்ததில் அவனுக்கே ஆறுதல்.

நாங்கள் உரோமம் வாங்கவில்லை, ஆசனம் வாங்குகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஒரு தோல் மிச்சமில்லாமல் அள்ளிப்போனார்கள்.

திங்கட்கிழமை கிராவுசே அம்மா கடை திறக்கும்போது அதே கூட்டம் அதே பதாகைகளோடு வாசலில் நிறைந்திருந்தது. இந்தமுறை ஒருவரும் நிற்கவில்லை. உறைபனியில் ஆளுக்கொரு பனிமான் தோலை விரித்து, சுகமாகச் சம்மணம் கட்டியிருந்தார்கள். கிராவுசே அம்மா பார்த்தாள். உள்ளே போய் வடக்கே கிழவருக்குத் தொலைபேசி அடித்தாள். இன்னும் இரண்டு வான் என்று சொன்னது தவராசாவின் காதில் விழுந்தது. கலாதேவி வந்து இறங்கிவிட்டது போலவே அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"சாமி, நீங்களும் வாங்கோ, கொஞ்சமும் குளிரேல்லை," என்று பெட்ரா தன் தோலில் இடம் ஒதுக்கி, 'உரோமக் கடையை மூடு' என்ற பதாகையைக் கையில் கொடுத்தாள்.

தவராசா பயந்து கடையைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் தொலைபேசியும் காதுமாக நின்ற கிராவுசே அம்மா, அவர்களோடேயே இரு, இரு என்று கையைக் காட்டினாள்.