இடது காலுக்கு மட்டும் துக்கம்

எங்கள் ஊரில் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு இப்போதெல்லாம் டம்ளர் கொடுப்பதில்லை, முறிந்த கணுக்காலுக்குள் வைக்கிற தகடு கொடுக்கிறார்கள். டம்ளர் எல்லா வீட்டிலும் நிறைந்துவிட்டது. தகடு என்றால் என்றைக்காவது உதவும். எவர்சில்வர்தான். திருகாணிகளோடு வரும், இறந்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். யாருக்காவது கணுக்கால் முறிந்தால் பரணிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இறந்தவருக்கு வருஷம் திரும்பியிருக்க வேண்டும்.

நான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். இடது கணுக்கால் திருகிக்கொண்டு எலும்புகள் விலகிவிட்டன. எங்க வீட்டுக்காரர் பரணில் ஏறிக் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்தார். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவருக்கு நுழையும், தப்பான இடமாகப் பார்த்து நுழையும். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். எலும்புக்கு மேலே வெள்ளையாக எழுத்து தெரிந்தது: 'அமரர் சங்கிலிமுத்து நினைவாக.' இவரோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். இந்தச் சித்திரையில்தான் இறந்திருந்தார்.

ஆகவே என் இடது கால் துக்கத்தில் இருந்தது. மெட்டி போட்டால் உதறியது. கோயிலுக்குப் போனால் வலது கால் படியேறும், இடது கால் செருப்பைக் கழற்றாது. பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே ஊன்றி நின்றுவிட்டது. நான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்தேன். காலைக் குறை சொல்ல முடியாது, முறைப்படிதான் நடந்துகொண்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஆவணியில் என் மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டியவள் நான். சித்தி ஊற்றட்டுமே என்று சொந்தக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா மேடைக்கு வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்றாள் சந்தனமாரி. அவள் சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். இப்போது தகட்டைக் கழற்றினால் மூட்டு மறுபடியும் விலகும், ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றார்.

நல்ல காரியம் வந்தால் வருஷத்தை முன்கூட்டியே கழித்துவிடுவது உள்ள வழக்கம்தான். சங்கிலிமுத்துவின் சம்சாரம் வெள்ளத்தாய் ஒரு வார்த்தை சொன்னால் தகடும் துக்கத்தைக் கழித்துவிடும். நாலு கேள்வி கேட்டாவது அந்த வார்த்தையை வாங்கிவிடுவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கால் எனக்கு முன்னால் நடந்தது. வெள்ளத்தாய் காலைத்தான் முதலில் வாங்க என்றார், பிறகு என்னை. இரண்டு பையன்களும் போன மாதமே வருஷத்தைக் கழித்துவிட்டார்களாம். ஒருத்தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டியிருந்ததாம், இன்னொருத்தனுக்கு அவசரம் ஒன்றுமில்லை, அண்ணன் கழித்தான் என்று இவனும் கழித்துவிட்டான்.

"இந்த ஊர்ல அவுகளுக்காக இன்னும் துக்கம் காக்குறது நானும் உங்க காலும்தான் மதினி," என்றார் வெள்ளத்தாய். "அதையும் எடுத்துட்டா நான் ஒத்தையில கெடந்து அழணும்."

எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதோம், காலும் கனத்தது. காபி குடித்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மாவிடம் மறுபடியும் போய் நடந்ததைச் சொன்னேன். தகட்டை மட்டும் கழற்றினால்தானே மூட்டு விலகும், காலோடு சேர்த்துக் கழற்றினால் எதுவும் விலகாதே என்றார். இது முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து வாசலில் கம்பவுண்டர் திருப்புளியால் காலைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொடுத்தார். தாலியறுத்தவர்கள் கல்யாண மண்டபத்துக்குள் வருவதை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வெள்ளத்தாய் தானாகவே வெளியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் எங்க வீட்டுக்காரர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு மேடையேறினேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினேன். தாலி கட்டி முடிந்தது.

பொண்ணும் மாப்பிள்ளையும் என் காலில் விழுந்து எழுந்தார்கள். சந்தனமாரி கீழே பார்த்தாள். பாதி அம்மாவிடம்தான் ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறோம், மீதி வாசலில் இருக்கிறது என்று சொல்லி, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே நொண்டினேன். அவர்கள் நெருங்கவும் வெள்ளத்தாய் பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என் பக்கம் விழாத தாயி. இது நல்ல நாளு."

விழுந்த சந்தனமாரி எழுந்திருக்கவில்லை. துக்கத்திலிருக்கிற கால் தானாக வாழ்த்த முடியாது, யாராவது அதன் சார்பில் வாழ்த்தினால்தான் உண்டு. வெள்ளத்தாய் என்னைப் பார்த்தார். வாழ்த்துங்க மதினி, என் பொண்ணுக்கு முதுகு வலிக்கும் என்றேன். வலது கையால் காலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையை அவள் தலையில் வைக்கப்போனவர், கை மாற்றிக்கொண்டு வலது கையை வைத்தார். நல்லா இரு என்றார்.

அதற்குள் போட்டோக்காரர் ஓடிவந்து எல்லோரையும் நாற்காலியை ஒட்டி நிற்கச் சொன்னார். நின்றோம். ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்திப்படாமல் தலையை ஆட்டினார்.

"பின்னால நிக்கிற அண்ணாச்சி கண்ணை மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுத்துக்கிடுவோம்."

சங்கிலிமுத்து அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். வெள்ளத்தாய் என் காலை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து, அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.